அடி எங்கிருந்து வருகிறது, யாருக்கு எது தெரியும்: ஆறு ஆக்‌ஷன், திரில்லர் படங்களைப் பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான். கைதி, கில், மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட், ஜான் விக் நான்காம் பாகம், போர் தொழில், மகாராஜா ஆகிய ஆறு படங்களையும் சமீபத்தில் ஓடிடியில் அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். சில சண்டைகள் மனதில் நிற்கின்றன, சில மறுநாளே மறந்துபோகின்றன. அது ஏன், எந்த ட்விஸ்ட் நியாயமானது, எது ஏமாற்று வேலை, "நல்லா இருக்கு", "மொக்கை" என்பதைத் தாண்டி எதை வைத்துக் கருத்து சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே ஃபால்அவுட்டின் ஒரு காட்சி முழுசாக வருகிறது. மகாராஜாவின் முடிவு வராது, ஆனால் அது கட்டப்பட்ட விதத்தைப் பேசாமல் இருக்க முடியாது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

இரண்டு வகைப் படத்துக்கும் அடித்தளம் ஒன்று. ஆக்‌ஷன் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரில்லரில் யாருக்கு எது தெரியும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இதில் இயக்குநர் சரியாகக் கணக்கு வைத்திருந்தால் சாதாரணக் கத்திச் சண்டைக்கே உள்ளங்கை வியர்த்துவிடும். கணக்கு தவறினால் பத்து கார் வெடித்தாலும் கண் கைப்பேசியைத்தான் தேடும்.

கைதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 தீபாவளிக்கு வந்த படம். பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது, நடப்பதெல்லாம் ஒரே இரவில். விஷம் கலந்த மதுவைக் குடித்து மயங்கிக் கிடக்கும் போலீஸ் அதிகாரிகளை ஒரு கேட்டரிங் லாரியில் ஏற்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும். ஓட்ட ஆள் இல்லாமல், பத்து வருஷ சிறை முடிந்து மகளைப் பார்க்கக் கிளம்பிய டில்லி என்பவனைப் பிடித்து ஓட்ட வைக்கிறார்கள். இன்னொரு பக்கம் கமிஷனர் அலுவலகம். பிடிபட்ட போதைப்பொருள் அங்கேதான் இருக்கிறது. அதைக் காக்க மிஞ்சியிருப்பது அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்த நெப்போலியன் என்ற கான்ஸ்டபிளும், வழக்கில் மாட்டிய சில கல்லூரிப் பிள்ளைகளும்.

இயக்குநர் லோகேஷ் கனகராஜ் செய்த புத்திசாலித்தனம் இந்த இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்ததிலேயே இருக்கிறது. லாரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அலுவலகக் கதவு திறக்கவே கூடாது. ஒன்று நின்றாலோ இன்னொன்று திறந்தாலோ ஆட்டம் முடிந்தது. படத்தை எந்த நிமிஷத்தில் நிறுத்திக் கேட்டாலும் "இப்போது என்ன ஆபத்து?" என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். லாரி நின்றதும் நடக்கும் சண்டைகளில் லாரியேதான் நமக்கு வரைபடம். எந்தப் பக்கம் முகப்பு, எந்தப் பக்கம் மயங்கிய ஆட்கள் கிடக்கும் பின்புறம் என்பது மறப்பதே இல்லை. சத்யன் சூரியனின் ஒளிப்பதிவில் பல இடங்களில் வெளிச்சம் வாகன விளக்கிலிருந்து வருவதுபோல அமைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்குள் வருகிறவன் தெரிவான், வெளியே நிற்பவன் தெரியமாட்டான். இருட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பயம் அதிலிருந்து வருகிறது. கூடுதல் ஆட்களைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

அந்த பிரியாணிக் காட்சியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சுற்றிலும் அதிகாரிகள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, டில்லி உட்கார்ந்து வாய் நிறைய அள்ளிச் சாப்பிடுகிறான். தியேட்டரில் கைதட்டல் வாங்கிய காட்சி. ஆனால் அதன் வேலை வேறு. அந்த ஆளின் உடம்பு எப்படிப்பட்டது, பத்து வருஷம் எதற்கு ஏங்கிக் கிடந்தது என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்கிறது. பிறகு அவன் தனியாளாகப் பத்துப் பேரைச் சமாளிக்கும்போது நாம் நம்பத் தயாராக இருக்கிறோம். சண்டைக்கான பில்டப் என்றால் அடியாள் நாலு பேர் ஹீரோவைப் புகழ்வது என்றே பல படங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. கைதி அதைச் சோற்றில் செய்தது.

குறையும் உண்டு. கடைசியில் சுழலும் பெரிய துப்பாக்கி கைக்கு வந்ததும், அதுவரை கட்டிக் காத்த கணக்கு முழுக்கக் கரைந்துவிடுகிறது. எத்தனை பேர், எவ்வளவு தூரம், கையில் என்ன ஆயுதம் என்று இரண்டு மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு இனி எண்ண ஒன்றுமே இல்லை. தியேட்டரில் அந்த நிமிஷம் விசில் பறக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் இரண்டாம் முறை பார்க்கும்போது அலுவலகக் கதவைப் பிள்ளைகள் முட்டுக்கொடுக்கும் காட்சிதான் அதைவிட வலுவாக நிற்கும்.

அடுத்து வெட்டு, அதாவது எடிட்டிங்கில் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவுவது. "கட் ஜாஸ்தி, ஒண்ணுமே புரியலை" என்பது ஆக்‌ஷன் படங்களைப் பற்றி வரும் பெரிய புகார். பாதிதான் சரி. 2007இல் வந்த தி பார்ன் அல்டிமேட்டத்தில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் சுமார் 2 நொடி. 2015இல் வந்த மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்டில் 2 மணி நேரத்துக்குச் சுமார் 2,700 வெட்டுகள், வகுத்துப் பார்த்தால் ஷாட்டுக்கு 2.7 நொடிகூட வராது. வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்னதில் தலை சுற்றியது என்று சொன்னவர்கள் ஏராளம், பின்னதில் பாலைவனத்தில் ஐம்பது வண்டி ஓடினாலும் எது எங்கே என்று குழம்புவதில்லை. காரணம் எளிது. இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் ஒளிப்பதிவாளர் ஜான் சீலும் முக்கியமான விஷயத்தை எப்போதும் ஃபிரேமின் நடுவிலேயே வைத்தார்கள். மூக்கு, துப்பாக்கிமுனை, வண்டிச் சக்கரம், எதுவானாலும் நடுவில். அடுத்த ஷாட் வந்ததும் கண் தேடி அலைய வேண்டாம். ஏற்கனவே பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே அடுத்த தகவல் காத்திருக்கும். 480 மணி நேரக் காட்சிப் பதிவிலிருந்து அதை வெட்டி எடுத்த மார்கரெட் சிக்ஸலுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஆகவே வெட்டுகளின் எண்ணிக்கையைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். சண்டையை 30 நொடி ஓட விட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் உங்கள் கண் எவ்வளவு தூரம் தாவுகிறது என்று கவனியுங்கள். திரையின் இடது ஓரத்தில் ஓங்கிய கை, வெட்டியதும் வலது ஓரத்தில் விழும் முகம் என்று இருந்தால், கண் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஷாட் முடிந்துவிடும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அரை நொடி ஷாட் என்றால் 12 ஃபிரேம். அதில் பாதியைத் தேடுவதிலேயே செலவழித்தால் அடியை எப்போது பார்ப்பது? இன்னொன்று, இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்பது. முதல் ஷாட்டில் ஹீரோ இடமிருந்து வலமாக அடிக்கிறார், அடுத்ததில் காரணமே இல்லாமல் வலமிருந்து இடமாக அடிக்கிறார் என்றால் கேமரா கோட்டைத் தாண்டிவிட்டது. குழப்பம் அங்கே தொடங்கும், வேகத்தில் தொடங்காது.

அடி பொய் என்று தெரிவது எதனால் என்பதும் கேள்வியில் இருக்கிறது. திரைச் சண்டையில் முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது இருக்கும். அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவரின் தோளுக்குப் பின்னாலோ கேமரா நின்றால் இரண்டும் ஒரே கோட்டில் வந்து இடைவெளி மறைந்துவிடும். பக்கவாட்டுக்கு நகர்ந்தால் பல் இளிக்கும். அடுத்தது ரியாக்‌ஷன். வாங்குகிறவரின் தலை ஒரு கணம் முந்தித் திரும்பினாலும் கெட்டுப்போச்சு, பிந்தினாலும் கெட்டுப்போச்சு. நல்ல ஃபைட்டர்கள்தான் ஹீரோவின் அடிக்குப் பலம் கொடுக்கிறார்கள். போஸ்டரில் அவர்கள் முகம் வருவதில்லை.

ரோப்பில் ஆள் பறப்பது தனிக் கதை. உதை வாங்கியவன் இருபதடி பின்னால் போய் விழும்போது மூன்றைப் பாருங்கள். கால் வந்து சேர்வதற்குள் உடம்பு கிளம்பிவிடுகிறதா? உதைத்த திசையும் அவன் போகும் திசையும் ஒன்றா? நெஞ்சில் உதை விழுந்தும் இடுப்பு முதலில் பின்னால் போகிறதா? பெல்ட் இடுப்பில்தான் மாட்டியிருக்கும், ரோப் அங்கேதான் இழுக்கும் என்பதால் மூன்றாவது தவறு அடிக்கடி வரும். ஸ்லோ மோஷனுக்கும் ஒரு கணக்கு உண்டு. 48 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் வேகம் பாதியாகும், 96இல் எடுத்தால் கால்வாசியாகும். தெளிவாகக் காட்ட வேண்டிய ஒரே ஒரு கணத்துக்கு அது அருமையான கருவி. ஒவ்வொரு அடிக்கும் வந்தால் எந்த அடியும் முக்கியமில்லை என்றாகிவிடும். மாறாக, 24க்குக் குறைவான ஃபிரேமில் எடுத்து வேகம் கூட்டியதைக் கண்டுபிடிக்கத் தூசியையும் வேட்டி நுனியையும் பாருங்கள். மனிதனின் கை வேகமாகப் போகலாம், தூசி இயல்பைவிட வேகமாகக் கீழே இறங்காது.

பின்வரிசையில் நிற்கிற அடியாட்களையும் ஒரு கண் பாருங்கள். ரவுண்டு கட்டி நின்று தங்கள் முறை வரும்வரை ஆயுதத்தை ஆட்டிக்கொண்டிருந்தால் காட்சி செத்தது. இதற்கு நல்ல மருந்து இடத்தைக் குறுக்குவது. இந்தோனேசியப் படமான தி ரெய்டில் அடுக்குமாடிக் கட்டிடத்தின் தாழ்வாரம், கொரியாவின் ஓல்ட்பாயில் நீளமான நடைக்கூடம், நீங்கள் பார்த்த கில்லில் ரயில் பெட்டி. இரண்டு பேருக்கு மேல் பக்கத்தில் வரவே முடியாத இடத்தில் மற்றவர்கள் காத்திருப்பது இயல்பாகிவிடுகிறது.

கில்லைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நிகில் நாகேஷ் பட் இயக்கி 2024 ஜூலையில் திரைக்கு வந்த இந்திப் படம். டெல்லி போகும் ரயிலில் ஒரு கமாண்டோ, ஒரு கொள்ளைக் கூட்டம். பெட்டியின் பெர்த், திரை, கழிப்பறைக் கதவு, தீயணைப்புக் குப்பி எல்லாமே ஆயுதமாகிறது. அதைவிட முக்கியம், படத்தின் தலைப்பு திரையில் வருவது ஏறக்குறைய பாதிப் படம் முடிந்த பிறகுதான். அதுவரை அவன் ஆட்களை அடித்து வீழ்த்துகிறான், கொல்வதில்லை. ஒரு இழப்புக்குப் பிறகு தலைப்பு வருகிறது. அங்கிருந்து சண்டையின் இலக்கணமே மாறிவிடுகிறது. அடி விழும் இடம் மாறுகிறது, சத்தம் மாறுகிறது, அவன் முகம் மாறுகிறது.

அந்தக் கொள்ளையர்கள் எல்லாரும் உறவுக்காரர்கள் என்பது படத்தின் உண்மையான பலம். சித்தப்பா, அண்ணன், மகன் என்று கூட்டமே ஒரு குடும்பம். ஒருவன் செத்தால் மற்றவர்கள் உட்கார்ந்து அழுகிறார்கள். நம்முடைய பெரும்பாலான படங்களில் அடியாள் விழுந்ததும் ஃபிரேமைவிட்டுப் போய்விடுவான், யாரும் அவனை நினைப்பதில்லை. இங்கே பிணம் பெட்டியிலேயே கிடக்கிறது, அதைத் தாண்டித்தான் அடுத்தவன் வர வேண்டும். வன்முறை அளவுக்கு மீறியது என்பவர்களின் கருத்தை மறுக்க முடியாது. ஆனால் கொலையின் கனத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டிய ஆக்‌ஷன் படம் இந்தியாவில் குறைவு.

ஃபால்அவுட்டின் கழிப்பறைச் சண்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பாரிஸில் பெரிய விருந்து நடக்கும் கட்டிடத்தின் ஆண்கள் கழிப்பறை. வெள்ளைச் சுவர், கண்ணாடிகள், வாஷ்பேசின் வரிசை. உளவாளிகளான ஈதன் ஹன்ட்டும் வாக்கரும் ஒரு ஆளை மயக்க வேண்டும். அவன் முகத்தை நகலெடுத்து முகமூடி செய்ய வேண்டும், ஆகவே முகத்துக்கு எதுவும் ஆகக் கூடாது. நோக்கம் தெளிவு, தடையும் தெளிவு. அந்த வேடத்தில் வரும் லியாங் யாங் ஒரு ஸ்டண்ட் கலைஞர். அவர் இருவரையும் ஒரே நேரத்தில் சமாளிக்கிறார், சமாளிப்பது மட்டுமில்லை, வென்றுகொண்டிருக்கிறார். ஈதனாக வரும் டாம் க்ரூஸ் அடிவாங்கி மூச்சிரைக்கிறார். பின்னணி இசை ஒதுங்கிக்கொள்கிறது. பைப் உடைவது, கண்ணாடி நொறுங்குவது, ஷூ வழுக்குவது, மூச்சு, இவைதான் இசை. கேமரா பெரும்பாலும் மூன்று பேரையும் தலை முதல் கால்வரை காட்டும் தூரத்தில் நிற்கிறது. இடம் வெள்ளை, ஆகவே யார் கை எது என்று ஒரு நொடிகூடக் குழப்பமில்லை.

முடிவில் வேறொருவர் வந்து அந்த ஆளை முகத்திலேயே சுட்டுவிடுகிறார். சண்டை முடிந்தது, திட்டமும் முடிந்தது. இனி முகமூடி இல்லாமல், தன் சொந்த முகத்தோடு அந்த ஆளாக நடித்துக்கொண்டு ஈதன் உள்ளே போயாக வேண்டும். சண்டைக்கு முன்னால் இருந்த கதையும் பின்னால் இருக்கும் கதையும் வேறு. ஒரு சண்டையை வெட்டி எடுத்துவிட்டால் கதை அப்படியே ஓடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஓடும் என்றால் அது பாட்டு மாதிரி ஒட்டவைத்தது. நம் மாஸ் படங்களின் இன்ட்ரோ ஃபைட் பெரும்பாலும் இந்தக் கேள்வியில் தோற்கும். ஹீரோ யார் என்று அறிமுகப்படுத்துவதுதான் அதன் வேலை என்று சொல்லலாம். அப்படியானால் அவர் சண்டை போடும் விதத்திலிருந்து அவரைப் பற்றிப் புதிதாக ஒன்றாவது தெரிய வேண்டும்.

ஜான் விக் நான்காம் பாகம், 2023, 169 நிமிஷம். நீளம் அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் இரண்டு இடங்கள் ஆக்‌ஷன் சினிமாவில் நீண்டநாள் பேசப்படும். ஒன்று, பழைய கட்டிடத்தின் அறைகளை உச்சியிலிருந்து பார்த்தபடி கேமரா சுவர்களுக்கு மேலே நகரும் காட்சி. அறைகளின் வரைபடத்தையே கண்முன் விரித்து வைத்துவிடுவதால் அடுத்த அறையில் காத்திருப்பவன் நமக்குத் தெரியும், ஜானுக்குத் தெரியாது. ஆக்‌ஷன் அங்கே திரில்லராகிவிடுகிறது. மற்றொன்று பாரிஸின் சாக்ரே கேர் தேவாலயத்துக்குப் போகும் 222 படிகள். சூரியன் உதிப்பதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும். பாதி ஏறியவனை உதைத்து அடிவரை உருட்டிவிடுகிறார்கள். தூரமும் நேரமும் ஒரே படிக்கட்டில் அடங்கிவிட்டதால் எவ்வளவு பாக்கி என்பதை விளக்க வசனமே தேவையில்லை. இந்தத் தொடரின் பலவீனம் குண்டு துளைக்காத அந்த கோட். இரண்டாம் பாகத்தில் வந்த யோசனை, நான்காம் பாகத்துக்குள் எல்லாரும் கோட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். குண்டுக்குப் பயம் போனதும் துப்பாக்கிச் சண்டையின் உயிர் பாதி போய்விடுகிறது. நாய், வில், கத்தி என்று வேறு ஆயுதம் வரும் இடங்களில்தான் பயம் திரும்புகிறது.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வளவு உழைக்கும் ஸ்டண்ட் கலைஞர்களுக்கு ஆஸ்கரில் இதுவரை தனிப்பிரிவே இல்லை. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து கொடுக்கப்போவதாக 2025இல்தான் அறிவித்தார்கள். நம்முடைய தேசிய விருதில் 64ஆவது ஆண்டிலேயே அந்தப் பிரிவு வந்துவிட்டது. முதலில் புலிமுருகனுக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். கைதிக்குச் சண்டை அமைத்த இரட்டையர் அன்பறிவ் கேஜிஎஃப்பின் இரண்டு பாகங்களுக்கும் வாங்கியிருக்கிறார்கள். படத்தைப் பற்றி எழுதும்போது இயக்குநர், நடிகர் பெயரோடு ஃபைட் மாஸ்டர் பெயரையும் எழுதுங்கள். டைட்டிலில் இருக்கிறது, தேட அரை நிமிஷம் போதும்.

இனி திரில்லர். இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு உதாரணம் பலருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் இதைவிட நல்ல அளவுகோல் இதுவரை கிடைக்கவில்லை. இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 நொடி அதிர்ச்சி. மேஜைக்கடியில் குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டு அதே பேச்சை ஓட விட்டால் 15 நிமிஷப் பதைபதைப்பு. பேச்சில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை, மாறியது நமக்குத் தெரிந்த தகவல் மட்டுமே.

மலையாள த்ரிஷ்யமும் அதே ஜீத்து ஜோசப் தமிழில் எடுத்த பாபநாசமும் இந்தக் கணக்கின் பாடப்புத்தகம். கொலை யார் செய்தார்கள் என்று நமக்கு முதலிலேயே தெரியும். போலீஸுக்கும் சந்தேகம் சரியான ஆள்மேல்தான். இருந்தும் பதைபதைப்பு குறையவில்லை. ஒரே ஒரு தகவலை மட்டும் இயக்குநர் கடைசி நிமிஷம்வரை மறைத்து வைத்திருந்தார். அதை மறைத்த விதத்திலும் பொய் இல்லை. அந்தக் குடும்பத்துக்கே தெரியாத விஷயம் நமக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போர் தொழில் 2023 ஜூனில் வந்தது, விக்னேஷ் ராஜாவின் முதல் படம். அனுபவத்தில் ஊறிய போலீஸ் அதிகாரி லோகநாதன் (சரத்குமார்), அகாடமியிலிருந்து புத்தகத்தோடு வந்து இறங்கிய பயந்த சுபாவமுள்ள பிரகாஷ் (அசோக் செல்வன்). தொடர்கொலையாளி படங்களின் வழக்கமான இணைதான். ஆனால் கொலையாளி யார் என்ற கேள்வியைக் கடைசிவரை இழுக்காமல், முடிவுக்கு வெகுமுன்பே படம் விடையை நோக்கிக் கையைக் காட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு கேள்வி மாறுகிறது: நிரூபிக்க முடியுமா, தாங்கள் கையைக் காட்டியது சரியான ஆளைத்தானா, ஏன் இப்படி ஆனான்? சரத்குமார் பேசும் வேகத்தைக் கவனியுங்கள். அலுப்பும் எரிச்சலும் கலந்த குரலில் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திவிடுவார்; மீதியை அசோக் செல்வனோடு சேர்ந்து நாமும் ஊகிக்க வேண்டும். துப்பறியும் கதை பார்ப்பவரை மதிப்பது என்பது இதுதான். தடயம் கிடைக்கும் நேரத்தில் அது நம் கண்ணுக்கும் கிடைக்க வேண்டும். போலீஸ் ஏதோ ஒரு காகிதத்தைப் பார்த்துக் கண்ணை விரிக்க, அது என்னவென்று நமக்குக் காட்டாமல் அடுத்த காட்சிக்குத் தாவும் படங்கள் நம்மை விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை. கொலையாளிக்காக வரும் இருபது நிமிஷ ஃபிளாஷ்பேக் இன்னொரு வியாதி. அது தொடங்கியதும் நிகழ்காலக் கடிகாரம் நின்றுவிடுகிறது. கட்டி வைக்கப்பட்டவர் அங்கே காத்திருக்கிறார், நாமும் இங்கே காத்திருக்கிறோம்.

மகாராஜா, 2024 ஜூன், விஜய் சேதுபதியின் 50ஆவது படம். சலூன் வைத்திருக்கும் மகாராஜா, வீட்டிலிருந்து "லட்சுமி" திருடுபோய்விட்டது என்று போலீஸில் புகார் கொடுக்கிறார். லட்சுமி ஒரு இரும்புக் குப்பைத்தொட்டி. மகளின் உயிரைக் காப்பாற்றிய தொட்டி. காவல் நிலையமே சிரிக்கிறது, ஆனால் அவர் அடிவாங்கியும் நகர மறுக்கிறார், பணம் கொடுக்கவும் முன்வருகிறார். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் என்ன என்ற ஒற்றைக் கேள்வியில் பாதிப் படத்தை ஓட்டியது பெரிய துணிச்சல்.

இயக்குநர் நித்திலன் சாமிநாதன் காலத்தைக் கலைத்து அடுக்கியிருக்கிறார். எந்தக் காட்சி எப்போது நடக்கிறது என்று எழுத்துப் போட்டுச் சொல்லவில்லை. இரண்டு கதைகளை அருகருகே வைத்தால் பார்ப்பவர் தானாகவே அவை ஒரே காலத்தில் நடப்பதாக எடுத்துக்கொள்வார் என்ற நம் பழக்கத்தின்மேல் அவர் வீடு கட்டுகிறார். இது நியாயமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. படத்தில் வரும் ஆட்கள் பொய் சொல்லலாம், அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. கேமரா பொய் சொல்லக் கூடாது. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டிவிட்டுப் பிறகு "அது கற்பனை" என்பது ஏமாற்று. மகாராஜாவில் காட்டியதெல்லாம் நடந்ததுதான். தவறாக வரிசைப்படுத்தியது நாம். இரண்டாம் முறை பார்க்கும்போது, போலீஸ்காரர்கள் பேசும் சில சாதாரண வரிகள் வேறு அர்த்தத்தில் கேட்கும். எடிட்டர் ஃபிலோமின் ராஜ், கைதியை வெட்டியவரும் அவர்தான். இரண்டு இழைகளை மாறி மாறி ஓட்டும் அதே கை, இங்கே இழைகளின் காலத்தை மறைக்கப் பயன்பட்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் படத்தோடு உடன்பட முடியவில்லை. ஒரு சிறுமிக்கு நடக்கும் கொடுமையை ட்விஸ்ட்டின் திறவுகோலாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் கடைசியில் நிமிர்ந்து பேசும் இடம் இருக்கிறது, அது நல்ல காட்சி. ஆனாலும் அவளுடைய வலியைவிட முடிச்சு அவிழும் சுவாரஸ்யத்துக்குப் படம் அதிக நேரம் கொடுக்கிறது. கட்டமைப்பைப் பாராட்டும் அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் பார்த்துவிட்டுக் கருத்து சொல்பவர்கள் முதலில் டிவியைச் சரிபார்க்க வேண்டும். புது டிவிகளில் இல்லாத ஃபிரேம்களைத் தானாக உருவாக்கி நடுவில் சொருகும் வசதி இருக்கும். கிரிக்கெட்டுக்கு நல்லது. 24 ஃபிரேமில் எடுத்த சண்டைக் காட்சி அதில் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும், அடியின் கனமே போய்விடும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். பிக்சர் செட்டிங்குக்குள் போய் அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும். ஃபால்அவுட் வீட்டுத் திரைக்கு வந்த சமயம், 2018 டிசம்பரில், டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்வாரியும் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். கைதி மாதிரி இரவுப் படத்தைப் பகல் வெளிச்சம் விழும் ஹாலில் பார்த்துவிட்டு "ஒரே இருட்டு" என்பதும் நியாயமில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பாருங்கள். வசனம் கேட்கவில்லை, வெடிச்சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது என்றால் ஆறு ஸ்பீக்கருக்காக அமைத்த 5.1 ஒலித்தடம் உங்கள் டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கலாம்; ஆடியோ மெனுவில் ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். வேற்றுமொழி ஆக்‌ஷன் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் சண்டையில் வரும் மூச்சும் முனகலும் ஸ்டுடியோவில் மறுபடி கொடுக்கப்பட்டவை. ஒலியைப் பற்றிப் பேசும் முன் மூலமொழியில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

எழுதும்போது கதையைச் சொல்லாமல் எப்படி என்பதற்கு வழி, படம் எழுப்பும் கேள்வியைச் சொல்வது, விடையை விடுவது. "குப்பைத்தொட்டிக்காக ஒருவர் ஏன் இத்தனை அடி வாங்குகிறார்?" என்பதோடு நிறுத்திக்கொண்டால் பார்க்காதவருக்கு ஆர்வம் வரும், எதுவும் கெடாது. "கடைசியில் பெரிய ட்விஸ்ட் இருக்கு" என்று சொன்னாலே பாதி கெட்டுவிடும். பார்ப்பவர் முதல் காட்சியிலிருந்தே சந்தேகக் கண்ணோடு உட்கார்ந்துவிடுவார். வன்முறை எந்த வகை என்பதை மட்டும் ஒளிக்காதீர்கள். 2024 நவம்பர் முதல் யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய படங்களில் அந்தப் பிரிவு இருக்காது. ரத்தம் தெறிக்குமா, குழந்தைகளுக்குக் கொடுமை வருமா, பாலியல் வன்முறை உண்டா என்று ஒரு வரி எழுதினால் வீட்டில் யாரோடு உட்கார்ந்து பார்ப்பது என்று படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

ஆறில் ஒன்றை மட்டும் மறுபடி பார்க்க நேரமிருக்கிறது என்றால் அந்தக் கழிப்பறைச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை. காகிதத்தில் கதவு, வாஷ்பேசின், கழிப்பறை அறைகள் எங்கே என்று வரைந்துகொண்டே பாருங்கள், வரைய முடியும். பிறகு திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். எப்போது கண்ணாடி, எப்போது உடம்பு, யார் மூச்சு என்று காதுக்கே தெரியும். அடுத்து உங்களுக்குப் பிடிக்காமல் போன ஏதாவது ஒரு சண்டையை இதே மாதிரி இரண்டு தடவை ஓட்டுங்கள். காகிதத்தில் கோடு எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, அந்த ஷாட்டிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.